தி வயர் இசை இதழ்: சந்தா கட்டலாமா?

கட்டலாம். டிஜிட்டல் சந்தா கட்டுங்கள், அச்சு வேண்டாம், கையில் ஒரு டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பத்திரிகையில் என்ன எழுதுகிறார்கள் என்பதைவிட, நாற்பது வருடத்துக்கு மேலாக இதை எப்படி விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு சுவாரசியம் அதிகம். இசைக்கென்று தனியாக ஒரு பத்திரிகை போட்டால் என்ன என்று அவ்வப்போது ஆரம்பித்து, அச்சகத்தில் விலை கேட்டவுடன் அடங்கிப்போகும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டெல்லியிலிருந்து நடக்கும் செய்தித் தளம் வேறு, பால்டிமோர் போலீஸ் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் வேறு. நான் பேசுவது லண்டனிலிருந்து மாதாமாதம் வரும் இசைப் பத்திரிகையைப் பற்றி. ஃப்ரீ ஜாஸ், நாய்ஸ், டப், எலெக்ட்ரானிக், தெருச் சத்தத்தையும் காட்டுச் சத்தத்தையும் பதிவு செய்து தட்டாக வெளியிடுபவர்கள் என்று, வீட்டில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மிக்சி ஏதும் ரிப்பேரா என்று விசாரிக்க வரும் வகை இசை. இதற்கெல்லாம் ஒரு பத்திரிகையா, அதை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மீதிக் கட்டுரை அதற்கான பதில்தான்.

1982 கோடையில் இருவர் சேர்ந்து காலாண்டிதழாகத் தொடங்கினார்கள். ஆந்தனி வுட் ஜாஸ் கச்சேரிகள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர், கிறிஸ்ஸி முர்ரே பத்திரிகையாளர். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேசியின் ஒரு படைப்பின் பெயரையே இதழுக்கு வைத்தார்கள். அலுவலகம் கிடையாது. செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் ஒரு இத்தாலிய உணவகத்தில் உட்கார்ந்து இதழைத் தயார் செய்தார்கள் (டீக்கடை பெஞ்சில் பிறந்த நம்மூர் சிற்றிதழ்கள் ஞாபகத்துக்கு வருகின்றனவா?). முதல் இதழை நெப்வொர்த் என்ற ஊரில் நடந்த ஜாஸ் விழாவுக்கு எடுத்துப்போய், வந்தவர்கள் கையில் நேராகக் கொடுத்தார்கள்.

இந்த நெப்வொர்த் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்திரிகை தொடங்குகிற எல்லோரும் முதலில் கடையில் தொங்கவிட வேண்டும் என்றுதான் யோசிப்பார்கள். இவர்கள் ஜாஸ் கேட்க ஏற்கெனவே டிக்கெட் வாங்கி, ஊரைவிட்டு வந்து புல்தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் போனார்கள். அங்கே ஜாஸ் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆசையை ஊட்ட வேண்டியதில்லை, இப்படி ஒன்று வருகிறது என்று காட்டினால் போதும். தமிழிலும் இந்த வழி தெரியாதது இல்லை. 1959-இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, பிறகு தன் பதிப்பகப் புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அதைத் தியாகக் கதையாகவே நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அது ஒரு விநியோக முறையும்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

கடை விநியோகத்தின் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பிரிட்டனில் விற்றால் காசு, விற்காவிட்டால் ரிட்டர்ன். இங்கேயும் அதே கதைதான். அட்டை விலையில் ஏறத்தாழ பாதி விநியோகஸ்தருக்கும் கடைக்கும் போய்விடும், மீதி வரும்போது வரும். விற்காத பிரதிகள் பழைய பேப்பர். லட்சம் பிரதி அடிப்பவருக்கு இது தொழில் செலவு. சில ஆயிரம் அடிப்பவருக்கு, ஒவ்வொரு கடையிலும் மூன்று பிரதி வைத்து இரண்டு திரும்பி வந்தால் அடுத்த இதழின் காகிதச் செலவே போய்விடும். அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் கடைகள் சின்ன இசைப் பத்திரிகைகளை நிறைய வாங்கி வைத்து விற்றன. 2006-இல் அந்தச் சங்கிலி முழுவதும் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்தவர்களுக்கு நாடு முழுக்க இருந்த அலமாரி ஒரேயடியாகக் காணாமல் போனது.

வயருக்கும் தொடக்கத்தில் காசு இல்லை. 1984-இல் வுட் அதை நயீம் அத்தல்லாவின் நமாரா குழுமத்துக்கு விற்றார். அத்தல்லா பாலஸ்தீனத்தில் பிறந்து லண்டனில் பதிப்பாளரானவர், இலக்கியப் பத்திரிகை, பெண்ணியப் பதிப்பகம் என்று லாபத்துக்கு அவ்வளவாக வாய்ப்பில்லாத பலவற்றையும் தாங்கிப் பிடித்தவர். அந்த வருடமே இதழ் மாதப் பத்திரிகையாகிவிட்டது. 1985-இல் ரிச்சர்ட் குக் ஆசிரியராக வந்து ஜாஸுக்கு வெளியே கதவைத் திறந்தார், மைக்கேல் ஜாக்சன்கூட ஒருமுறை அட்டைக்கு வந்தார். பழைய ஜாஸ் ரசிகர்கள் முணுமுணுத்திருப்பார்கள், அது இருக்கட்டும். தொண்ணூறுகளில் மார்க் சிங்க்கர், டோனி ஹெரிங்டன் ஆசிரியர்களாக இருந்த காலத்தில்தான் இன்று நாம் பார்க்கும் வயர் உருவானது, எந்த வகையிலும் அடங்காததெல்லாம் எங்கள் வகை என்கிற ஒரு திமிரோடு.

அப்புறம் வந்தது முக்கியமான திருப்பம். 2000 டிசம்பரில் அங்கே வேலை பார்த்த ஆறு பேர் சேர்ந்து பத்திரிகையை அத்தல்லாவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து முதலாளி என்று வெளியே யாரும் இல்லை. அதாவது, இந்தக் காலாண்டில் விற்பனை ஏன் இத்தனை சதவீதம் ஏறவில்லை என்று கேட்க மாடியில் ஆள் இல்லை. சம்பளமும் அச்சுச் செலவும் வந்துவிட்டால் அடுத்த மாதம் இதழ் உண்டு. சிறு பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னையிலேயே இதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. 'ஸ்ருதி', கர்நாடக இசைக்கும் நடனத்துக்குமான ஆங்கில மாத இதழ், 1983-இல் என். பட்டாபிராமன் தொடங்கியது, வயருக்கு ஒரு வயது இளையது. அவர் மறைவுக்குப் பிறகு சன்மார் குழுமம் கைகொடுத்து அதைத் தொடர வைத்தது. புரவலர் இல்லாமல் போயிருந்தால் அது நின்றிருக்கலாம், ஆகவே புரவலர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயரின் பாதை வேறு. புரவலரின் நிழலில் பதினாறு வருடம் இருந்து வாசகர்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அந்த வாசகர்களை மட்டும் நம்பி வெளியே வந்தார்கள். முதல் நாளே வாசகர் காசில் ஓடியிருக்க முடியுமா என்றால், முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? மாதம் ஓர் இதழ். அச்சுச் சந்தா கட்டினாலும் டிஜிட்டல் பிரதியும் கூடவே வரும், டிஜிட்டல் மட்டும் எடுத்தால் செலவு குறைவு. விலை மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் இந்தியாவுக்கு அச்சுப் பிரதி வரவழைத்தால் தபால் செலவு சேர்ந்து கையைக் கடிக்கும், அதோடு அந்த மாத இதழ் அடுத்த மாதம் வந்து சேரும். காகித வாசனை முக்கியம் என்பவர்கள் உங்கள் விருப்பம்.

இதழுக்குள் நான் முதலில் போவது 'இன்விசிபிள் ஜூக்பாக்ஸ்' பகுதிக்கு. பேட்டிக்கு உட்கார்ந்திருக்கும் கலைஞரிடம் ஒன்றும் சொல்லாமல் ஓர் இசைத்தட்டைப் போடுவார்கள். யாருடையது என்று அவர் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டும், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டும். புது ஆல்பம் எப்படி வந்திருக்கிறது, அடுத்து என்ன திட்டம் என்கிற விளம்பரப் பேட்டிக்கு இதில் இடமே இல்லை. தெரியாத இசையின் முன்னால் ஒருவர் என்ன சொல்கிறார் என்பதில் அவர் காது எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. நம் வித்வான்களிடம் யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும், பழைய நாகஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பேட்டி தானாக நடக்கும்.

'பிரைமர்' இன்னொன்று. ஒரு கலைஞர் அல்லது ஒரு வகை, எந்தத் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் வழிகாட்டி. 'குளோபல் இயர்' ஏதாவது ஒரு நகரத்துக்குப் போய் அங்கே என்ன சத்தம் என்று எழுதும். கடைசிப் பக்கத்தில் 'எபிஃபனீஸ்', ஒருவரைப் புரட்டிப்போட்ட இசை அனுபவம் பற்றி. மதிப்புரைகள் பக்கம் பக்கமாக, சிறிய எழுத்தில், முடிவில்லாமல். அவற்றை முழுக்கப் படிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு வேலை வெட்டி இல்லை என்று அர்த்தம். புரட்டிப் பார்த்து இரண்டோ மூன்றோ பெயரைக் குறித்துக்கொண்டு கேட்கப் போனால் போதும்.

'சார்ட்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. விற்பனைப் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். ஏதோ ஓர் ஊரில் இருக்கும் இசைத்தட்டுக் கடை, ஒரு சிறிய வானொலி நிகழ்ச்சி, ஒரு கலைஞர் என்று யாராவது தாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் தட்டுகளை எழுதி அனுப்புவார்கள், அது அப்படியே அச்சாகும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்பது என் ஊகம். தன் பட்டியல் வந்த இதழைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பாரா? வானொலிக்காரர் அதை நிகழ்ச்சியில் சொல்லாமல் இருப்பாரா? அரைப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் புது ஏஜென்ட்டுகளைப் பிடிப்பது மாதிரி. பத்திரிகைக்காரர்களே ரெசொனன்ஸ் எஃப்எம் என்கிற லண்டன் வானொலியில் நிகழ்ச்சி நடத்தி வந்திருக்கிறார்கள். எழுதுவதைக் கேட்கவும் வைத்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதன் உச்சம்தான் 'வயர் டேப்பர்'. 1998-இலிருந்து வந்துகொண்டிருக்கும் தொகுப்பு சிடி வரிசை. பெயரே கேள்விப்படாத கலைஞர்களின் பாடல்கள், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ. இது இலவச இணைப்புதானே, ஷாம்பூ பாக்கெட் ஒட்டித் தருவது போலத்தானே என்று நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி இசைக்கு ரேடியோ கிடையாது, டிவி கிடையாது. ஒரு சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம், ஐந்நூறு தட்டு அடித்தால், அதை வாங்கக்கூடிய ஐந்நூறு பேரும் எங்கெங்கோ சிதறிக் கிடப்பார்கள். அவர்களில் பலர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்கள். ஆக, சிடி வாசகருக்குப் பரிசு, லேபிளுக்கு விநியோகம், பத்திரிகைக்குச் சந்தாவைப் புதுப்பிக்க ஒரு காரணம். இதழில் வரும் விளம்பரங்களும் அந்த லேபிள்களும் விழாக்களும் தட்டுக் கடைகளும் கொடுப்பவைதான். நான் விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிக்கும் ஒரே பத்திரிகை இதுதான், கட்டுரையைவிடச் சில மாதம் அவற்றில்தான் செய்தி அதிகம்.

இப்போது, நான் டிஜிட்டல் சந்தா என்று அடித்துச் சொல்வதற்கான காரணத்துக்கு வருகிறேன். 2013-இல் எக்ஸாக்ட் எடிஷன்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 1982-இன் முதல் இதழிலிருந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். தேடிப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பெயரைப் போட்டால், அவரை முதன்முதலில் இரண்டு வரியில் கடந்துபோன மதிப்புரையிலிருந்து, பல வருடம் கழித்து அட்டைப்படமாக வந்த இதழ் வரை வரிசையாக வருகிறது. 1994 மே இதழில் சைமன் ரெனால்ட்ஸ் 'போஸ்ட்-ராக்' என்று ஒரு போக்கை விவரித்து எழுதிய கட்டுரை இருக்கிறது, அந்தப் பெயர் பிற்பாடு உலகம் முழுக்கப் போனது. 2003-இல் டேவிட் கீனன் அமெரிக்க நாட்டுப்புற விசித்திரங்களைப் பற்றி எழுதியது, 2009-இல் அவரே மங்கலான கேசட் ஒலி பாப்பைப் பற்றி எழுதியது, எல்லாம் அன்றைய விளம்பரங்களோடு அப்படியே கிடக்கின்றன. இன்று இல்லாத கடைகள், இன்று இல்லாத லேபிள்கள். ஒரு மாத இதழுக்குக் கொடுக்கும் காசு கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம், நாற்பது வருடக் குவியலுக்குக் கொடுக்கும் காசு என்று பார்த்தால் அற்பம்.

விற்பவர் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் அழகு. நம்மிடம் பழைய இதழ்கள் என்றால் பரண்மேல் கரையான் தின்ற கட்டு. அங்கே அதுவே சந்தா விற்கும் சரக்கு. எக்ஸாக்ட் எடிஷன்ஸ் போன்றவர்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் இப்படிப்பட்ட சந்தாக்களை விற்கிறார்கள், ஆகவே கடைசி இதழ் நன்றாக வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாத ஒரு வாசகர் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. அச்சுப் பக்கத்தை அப்படியே திரையில் காட்டும் எந்தப் பத்திரிகையையும் போனில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை, இதற்கும் விதிவிலக்கு இல்லை, டேப்லெட் என்று சொன்னது அதனால்தான். சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்களின் கதவும் மூடிவிடும், வாங்கியது என்று நினைத்ததெல்லாம் வாடகைதான். ஆங்கிலம் கடினம். வாசகருக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுவார்கள், தெரியாதவர் பின்னால் ஓடிவர வேண்டும். எனக்கு அது பிடிக்கும், என் தம்பிக்கு இரண்டாவது பத்தியிலேயே கொட்டாவி. திட்டி எழுதும் மதிப்புரைகள் குறைவு. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் சின்ன உலகத்தில் அப்படித்தான் இருக்கும் போல. நம் பக்கத்து இசைக்கு எப்போதாவது ஓர் ஓரம் கிடைக்கும், அதை எதிர்பார்த்துச் சந்தா கட்டாதீர்கள்.

இதே காலத்தில் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் இவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரியும். என்எம்இ, ஒரு காலத்தில் பிரிட்டனின் ராக் இசை வேதம், 2015-இல் இலவசமாகிவிட்டது. ரயில் நிலையங்களில் மூன்று லட்சம் பிரதிகளைச் சும்மா கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் அச்சு நின்றுவிட்டது. சும்மா கையில் வாங்கியவர் வாசகர் ஆகிவிடுவதில்லை, விளம்பரதாரருக்கும் அது தெரியும். கியூ பத்திரிகை 2020 ஜூலையில் மூடப்பட்டது. சரி, இவை பெரிய நிறுவனங்களின் பத்திரிகைகள், விளம்பரம் குறைந்ததும் கைவிட்டார்கள். ஆனால் சிறியது என்பதாலேயே பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நாட்டுப்புற, உலக இசைக்கான எஃப்ரூட்ஸ் 1979-இல் தொடங்கி 40 வருடம் ஓடி 2019-இல் நின்றது. பங்க் இசைக்கான மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல் வயர் பிறந்த அதே 1982-இல் அச்சில் வந்தது, பெரிய கம்பெனி விளம்பரத்தைத் தொடமாட்டோம் என்று கடைசிவரை உறுதியாக இருந்தது, அதுவும் 2019-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. கொள்கையில் வயரைவிட அவர்கள் சுத்தம். வாசகரின் விசுவாசத்திலும் குறைவில்லை. ஆனால் அச்சுக் கூலியும் தபாலும் விசுவாசத்தைப் பார்ப்பதில்லை.

பத்திரிகை தொடங்கத் துடிக்கும் நண்பர்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வேன் என்றால், முதலில் அட்டை வடிவமைப்பைக் கீழே வையுங்கள். உங்கள் இசையைக் கேட்பவர்கள் ஏற்கெனவே எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். கர்நாடக இசை என்றால் மார்கழியில் சபா வாசல், கானா என்றால் வேறு இடம், சுயாதீன இசைக்குழுக்கள் என்றால் அவர்கள் வாசிக்கும் அரங்கின் வாசல். முதல் இதழ் அங்கே, கையோடு கை. பெயரும் முகவரியும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடையில் வாங்கியவர் யாரென்று உங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆயுள் சந்தா மட்டும் வாங்காதீர்கள். அது யாருடைய ஆயுள் என்பதில் தமிழ்ச் சிற்றிதழ் உலகத்தில் எப்போதும் தகராறுதான். மாத இதழாக ஒழுங்காகக் கொண்டுவர முடிந்தால், பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணம் உண்டு. வரும்போது வரும் என்கிற இதழ்களுக்கு அது கிடையாது, முழுத் தபால் செலவையும் நீங்களே சுமக்க வேண்டும். முதல் இதழிலிருந்தே ஒவ்வொரு பக்கத்தையும் தேடக்கூடிய கோப்பாகச் சேமித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களிடம் விற்க எஞ்சியிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

வெறும் வாசகராக வருபவர்களுக்கு: உடனே வருடச் சந்தா வேண்டாம். டிசம்பரில் வெளிவரும் ஜனவரி இதழைத் தனி இதழாக வாங்கிப் பாருங்கள், அந்த வருடத்தின் சிறந்த வெளியீடுகள் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் பத்தைக் கேட்டு இரண்டு பிடித்தாலே உங்களுக்கு இது சரிப்படும். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றால் ஒரு இதழின் காசோடு போகட்டும். சந்தா எடுத்துவிட்டால் முதல் மாதம் புது இதழை ஒதுக்கி வைத்துவிட்டு, தொண்ணூறுகளின் 'இன்விசிபிள் ஜூக்பாக்ஸ்' எல்லாவற்றையும் வரிசையாகப் படியுங்கள், பக்கத்திலேயே யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: டிஜிட்டலுக்கு 5-க்கு 4. அச்சுக்கு 3. லண்டனில் இருந்து ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து எடுத்து வர ஒரு உறவினர் இருந்தால், அச்சுக்கும் 4.